கொட்டகைச் சுவருக்குள் ஒரு குளிர்காலம்

கொட்டகைக்குள் முதன்முதலாகக் கால் வைத்த அன்று நான் வாந்தி எடுத்தேன். வீடு பார்க்கப் போயிருந்தோம். கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற சிற்றூருக்கும் வடக்கே, புதிய வீட்டுத் தொகுதிகள் முடிந்து சோளக் காணிகள் தொடங்குகிற இடம். முன்னால் வீடு, பின்னால் முன்னொரு காலத்தில் மாடுகள் நின்ற பெரிய மரக் கொட்டகை. வீடு விற்கும் பெண் கொட்டகையும் சேர்த்துத்தான் விலை என்று, ஏதோ பரிசு தருகிறவர்போலச் சொன்னார். கணவரும் மகளும் உள்ளே போனார்கள். நானும் போனேன்.

மேல்தட்டில் ரக்கூன்கள், மரநாய்போன்ற அந்தப் பிராணிகள், ஒரே மூலையைப் பல வருடங்களாகக் கழிப்பிடமாக வைத்திருந்தன. அடியில் கறுத்து இறுகிய படை. அதன்மேல் அதைவிடப் புதியது. எல்லாவற்றுக்கும் மேலே அன்று காலை போட்டது, ஈரம் மினுங்க, செரிக்காத பழக்கொட்டைகளோடு. பலகை இடுக்கு வழியாக அது கீழே ஒழுகிக் காய்ந்திருந்தது. அந்த ஒழுகலுக்கு நேர் கீழேதான் நான் நின்றுகொண்டிருந்தேன் என்பதை உணர்ந்ததும் வெளியே ஓடி, வேலியோரம் குனிந்தேன்.

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, கம் அன்ட் சீ! இந்த பீம் எல்லாம் ஒறிஜினல். இப்பிடி மரம் இப்ப கிடைக்காது."

வேண்டாம் என்று திரும்பி வரும்போது காரில் சொன்னேன். பின்னால் இருந்த மகள் கைபேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே வாங்கத்தான் போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளை வீட்டோடு வைத்திருப்பதற்காக வாங்கிய வீடு அது. எங்களுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்து தொய்வு வருத்தம். அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் நான் தாயாக இருக்கப் பழகினேன். ஒரு அறை தள்ளியிருந்தாலும் அது சீராக இருக்கிறதா, விசில் அடிக்கிறதா என்று என் காதுக்குத் தெரியும். கணக்கியல் படித்தாள். ஒரு அலுவலகத்தில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தளபாடம் செய்யப்போகிறேன் என்றாள். சொந்தக்காரர்கள் "ஆ... தச்சு வேலையோ?" என்று இழுத்த இழுப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவள் செய்த முதல் கதிரையில் உட்கார்ந்து பார்த்தபோது எழும்ப மனம் வரவில்லை. அவளுக்குக் கைத்திறன் இருந்தது.

நகரத்துக்குள், பார்க்டேலில் பலபேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒரு பட்டறையில் அவள் வேலை செய்துவந்தாள். அதற்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விடப்போவதாகச் சொன்னதும் வேண்டவே வேண்டாம் என்றேன். நானும் என் பெற்றோரும் இந்த நாட்டுக்கு வந்து முதலில் இறங்கியது பார்க்டேல் மாடிக் குடியிருப்பு ஒன்றில்தான். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கரப்பான்கள் பால்மா ரின்னுக்குள் இருந்தன, பல்துலக்கும் பிரஷில் இருந்தன, ஒருநாள் வகுப்பில் என் தலைமயிரிலிருந்து ஒன்று மேசையில் விழுந்தது. பின்னால் இருந்த பெண் கத்திய கத்தல்தான் நான் கனடாவில் கற்ற முதல் பாடம். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் குசினித் தொட்டியில் ஒரு சோற்றுப்பருக்கையை நான் விட்டுவைத்ததில்லை.

"அது அப்ப, அம்மா. இப்ப அங்க கோப்பி ஷொப் எல்லாம் வந்திட்டுது."

"கோப்பி ஷொப்புக்கையும் கரப்பான் இருக்கும்."

"ஸ்ரௌவ்வில் பார்னுக்கை ரக்கூன் பீ இருக்கலாம், ஆனா பார்க்டேலில கரப்பான் இருக்கக்கூடாது. ஓகே."

அவள் தகப்பன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கொட்டகையைத் துப்புரவாக்கி, குளிர் புகாமல் அடைத்து, அவளுக்கென்று ஒரு பட்டறையாக்கித் தருவோம், நீ இங்கேயே இரு என்று பேசி முடித்தோம். அவளும் சம்மதித்தாள்.

வேலையை யாரிடம் கொடுப்பது என்பதில் எங்களுக்குள் கேள்வியே எழவில்லை. கணவருக்குப் பழக்கமான ஒரு அண்ணை இருந்தார். ஸ்காபரோவில் நிலக்கீழ் வீடுகள் கட்டிக் கட்டியே பெயர் எடுத்தவர். எங்கள் ஆட்கள் முதல் வீடு வாங்கியதும் பேஸ்மென்றை வாடகைக்கு விட்டு வங்கிக் கடனைக் கட்டிய காலத்தில், அவர் கை படாத வீடு குறைவு. எங்கள் பழைய வீட்டின் நிலக்கீழ் வீட்டையும் அவர்தான் கட்டினார். எல்லோரும் அவரை பேஸ்மென்ற் அண்ணை என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

அண்ணை கொட்டகையைச் சுற்றிவந்து ஒரு தூணைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"உது பெரிய வேலை இல்லை, தங்கச்சி. பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழ. இது நிலத்துக்கு மேல. அவ்வளவுதான்."

"பெர்மிற் எடுக்கவேணும் எல்லோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"பின்வளவில மாட்டுக்கொட்டில். எவன் எட்டிப் பாக்கப்போறான்? சோளமோ போய்ச் சொல்லும்?"

வெளிப்பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அதன் உட்பக்கம் முழுவதும் தடித்த பிளாஸ்ரிக் தாளை விரித்து அடித்தார். அதற்குமேல் குளிரைத் தடுக்கிற இளஞ்சிவப்புப் பஞ்சு, அதற்குமேல் மகள் கேட்டபடி பிளைவூட் பலகை. கணவர் இரண்டு மூன்று வீடியோக்கள் பார்த்திருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணை, வீடியோவில எல்லாரும் பிளாஸ்ரிக்கை உள்பக்கம் எல்லோ போடுறாங்கள்? பஞ்சுக்கு இங்காலப் பக்கம்?"

அண்ணை ஏணியிலிருந்து இறங்காமலே திரும்பினார். "தண்ணி எங்கயிருந்து வரும்?"

"வெளியிலயிருந்து."

"அப்ப பிளாஸ்ரிக் எங்க நிக்கவேணும்?"

"வெளியில."

"பிறகென்ன. அவங்கள் மழை பெய்யாத ஊரில இருந்துகொண்டு வீடியோ போடுவாங்கள், நீர் அதைப் பாத்துப்போட்டு வந்து என்னைச் சோதினை வைக்கிறீர்."

எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஈரம் மண்ணிலிருந்து வரும், மழையிலிருந்து வரும், பனி உருகி வரும். வெளியே இருப்பதை வெளியே நிறுத்து. பேஸ்மென்ற் வாழ்க்கை எங்களுக்குக் கற்றுத்தந்த ஞானம் அது.

ஐயரிடம் நாள் பார்த்திருந்தோம். பிள்ளை தொழில் தொடங்குகிற இடம், பால் காய்ச்சாமல் விடுவதா? கார்த்திகை பிறக்க முன் ஒரு நல்ல நாள்தான் இருந்தது. அதற்குள் முடியுமா என்று நாங்கள் அண்ணையை ஒவ்வொரு நாளும் கேட்டோம். முடியும், முடியும் என்று அவரும் சொன்னார். பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். ஒருநாள் பின்னேரம் வந்து பார்த்தால் மேல்தட்டு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஆண்டாண்டுக் காலக் குவியல் ஒரே நாளில் மறைந்துவிட்டது. அண்ணையின் ஆட்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போனதே போதும் என்றிருந்தது.

பால் காய்ச்சும் அன்று கொட்டகை புது மரத்தின் வாசனையோடு இருந்தது. சாமிப்படம், குத்துவிளக்கு, மின்அடுப்பில் புதுப் பானை. பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். கணவரின் தமையன் மூலையில் நின்று, "மாடு நிண்ட இடத்தில பால் காய்ச்சினால் புண்ணியம் ஆருக்கு, மாட்டுக்கோ உங்களுக்கோ?" என்றார். பேஸ்மென்ற் அண்ணைக்குக் கணவர் வேட்டி, சால்வை கொடுத்தார். மகள் புதுச் சுவரைக் கையால் தடவிக்கொண்டு நின்றாள். அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகக் கண்டதில்லை.

குளிர் இறுகியதும் ஈக்கள் வந்தன.

வெளியே பனி முழங்காலளவு கிடக்கும்போது ஈ வரும் என்று யார் எதிர்பார்ப்பது? மகள் காலையில் ஹீற்றரைப் போடுவாள். காஸில் எரிகிற பெரிய ஹீற்றர், அதுவும் அண்ணை கொண்டுவந்து வைத்ததுதான். இடம் சூடாகத் தொடங்கியதும் சுவர் இடுக்குகளிலிருந்து ஈக்கள் ஊர்ந்து வெளியே வரும். பறக்கக்கூடத் தெம்பில்லாத, தூக்கம் கலையாத, கொழுத்த ஈக்கள். யன்னலில் கறுப்பாக அப்பிக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்து, முதுகில் சுழன்று சுழன்று இரையும். குளிர்காலத்தைக் கழிக்க இலையுதிர்காலத்திலேயே சுவருக்குள் புகுந்தவை அவை என்றும், நாங்கள் மூட்டும் சூட்டை வசந்தம் என்று நம்பி எழும்பி வருகின்றன என்றும் மகள் எங்கேயோ வாசித்துச் சொன்னாள். அவளுக்கு அது ஒரு சுவாரசியம். எனக்கு அங்கே நின்று ஒரு தேநீரை வாயில் வைக்க முடியவில்லை.

அவள் ஒருவருக்குச் செய்து கொண்டிருந்த வால்நட் மேசைக்கு வார்னிஷ் பூசிவிட்டுச் சாப்பிட வந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது மேசை முழுவதும் ஈக்கள் ஒட்டிக்கொண்டு கால் அடித்துக்கொண்டிருந்தன. அவள் சின்னக் குறடு ஒன்றால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உடல் வந்தது, கால்கள் மேசையிலேயே நின்றன. நான் கதவடியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். நான் எதையும் தொடவில்லை. இருந்தும் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அதோடு இருமலும் வந்தது. முதலில் மரத்தூள் என்றாள். மரத்தூளை இழுக்கிற மெஷின் வாங்கினாள். பிறகு தடிமன் என்றாள். தொய்வு மருந்தை உறிஞ்சுகிற பம்ப் எப்போதும் அவள் கையோடு இருக்கும். நான் வேலைக்கு இடையில் கைபேசியில் எழுதுவேன்: பம்ப் எடுத்தியா? எடுத்தேன் என்று ஒரு கட்டைவிரல் படம் வரும். வீட்டுக்கு வந்தவுடன் அவள் மூச்சைத்தான் கேட்பேன். விசில் இருந்தது. முன்பு இல்லாத அளவுக்கு, மாவரைக்கிற மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல நெஞ்சுக்குள் ஒரு கரகரப்பு.

"கொஞ்ச நாளைக்கு பார்னுக்குப் போகாமல் இரு பிள்ளை."

"இதுக்காகத்தானே கட்டித் தந்தீங்கள்? இப்ப போகவேண்டாமோ?"

குளிர் முறிந்து பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை முற்பகல். கொட்டகையில் வழக்கமாகக் கேட்கிற, மரம் அறுக்கிற வாள் சத்தம் கேட்கவில்லை. வாளை நிறுத்திவிட்டு அளந்துகொண்டிருப்பாள் என்று சிறிது பொறுத்தேன். பிறகு செருப்பைக்கூட மாற்றாமல் ஈரப் பனியில் ஓடினேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது ஒரு வீச்சம். முதல்நாள்வரை இருந்த லேசான புழுக்க மணம் இல்லை. நனைந்த நாய், புளித்த பால், கழிப்பிடம் எல்லாம் ஒன்றாகச் சூடேறியதுபோல இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, தோள்களை மேலே தூக்கித் தூக்கி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். என்னைப் பார்த்தாள், பேச முடியவில்லை. பம்ப் பக்கத்தில் கிடந்தது, வெறுமையாக.

அவளை நான் எப்படி வெளியே இழுத்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அம்புலன்ஸ் சரளைக்கல் பாதையில் ஏறி வந்த சத்தம் நினைவிருக்கிறது. அவளுடைய முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கை வைத்தவரின் கையுறையில் ஒரு ஈ நின்றது நினைவிருக்கிறது. எங்கள் கொட்டகை ஈ. அவளோடு கூடவே வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், பெண், எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கே வேலை செய்கிறாள்? என்னத்தைச் சுவாசிக்கிறாள்? பழைய கட்டடமா, ஈரமா, பறவை எச்சமா? கணவர் உடனே, "வெரி க்ளீன் பிளேஸ், டொக்டர். வீ பில்ற் இற்" என்றார். சொல்லும்போது அவர் கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. எனக்கு அந்த நாற்றம் இன்னும் மூக்குக்குள் நின்றது. கட்டிலுக்குத் திரும்பியதும் மகள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அம்மா... நேற்று ஷெல்ஃப் அடிக்கேக்க... ஸ்க்ரூ ஈரமா வந்தது. ஓட்டையால தண்ணி வடிஞ்சது. பிறவுண் தண்ணி."

"கதையாதை. மாஸ்க்கைப் போடு."

"பாருங்கோ. சுவரைத் திறந்து பாருங்கோ."

அடுத்தநாள் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தோம். அவள் சொன்ன அந்தத் திருகாணி ஓட்டையிலிருந்து புது பிளைவூட்டின்மேல் தேநீர் நிறத்தில் ஒரு கோடு வடிந்து தரைவரை போயிருந்தது. கணவர் திருகாணிகளைக் கழற்றினார். பலகையை இழுத்ததும் அது சுவரிலிருந்து ஒட்டுப்பிடித்த புண் கழன்றுவருவதுபோல ஒரு சத்தத்தோடு வந்தது.

இளஞ்சிவப்பு எங்குமில்லை. பஞ்சு முழுவதும் நனைந்து, கறுத்து, கீழே கீழே சரிந்து தொங்கியது. அதன்மேல் பூஞ்சணம் கறுப்பிலும் பச்சையிலும், சில இடத்தில் ஆட்டுமயிர்போல வெள்ளையிலும் வளர்ந்திருந்தது. பின்னால் பிளாஸ்ரிக் தாளில் தண்ணீர் கண்ணீர்த்துளிகள்போல நிறைந்திருந்தது. இல்லை, கண்ணீர் என்று சொல்வது மரியாதை. சளிபோல. பஞ்சின் நடுவே எலிக் கூடுகள், புழுக்கையும் மயிரும், தோல் உரிந்ததுபோல சிவந்த குஞ்சுகள், செத்து வீங்கி. ஈக்கள், குவியல் குவியலாக, அவல் கொட்டிக் கிடப்பதுபோல.

இவ்வளவையும்கூட நான் தாங்கிக்கொண்டேன். அடியில் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. சுவரின் அடிப்பகுதி, முழங்கால் உயரம்வரை, ஏதோ கறுப்பு மண்ணால் நிரப்பியிருந்தது. கணவர் தடியால் கிண்டினார். பழக்கொட்டைகள் உதிர்ந்தன. மேல்தட்டில் இருந்த ரக்கூன் குவியல். ஒரே நாளில் மறைந்த அந்த ஆண்டாண்டுக் கால மலம் வெளியே போகவேயில்லை. மேலிருந்து பெருக்கி, பலகை இடுக்கால் சுவர் இடைவெளிக்குள் தள்ளி, அதற்குமுன்னால் பிளைவூட் அடித்து, அதற்கு முன்னால் சாமிப்படம் வைத்து நாங்கள் பால் காய்ச்சியிருந்தோம். என் பிள்ளை ஒரு குளிர்காலம் முழுவதும் அதன் பக்கத்தில் நின்று மூச்சு விட்டிருக்கிறாள்.

ஓங்காளித்தேன், ஒன்றும் வரவில்லை. கணவர் பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பேஸ்மென்ற் அண்ணை அன்றே வந்தார். அதை மட்டும் சொல்லவேண்டும், கூப்பிட்டவுடன் வந்தார். கதவடியில் நின்று மூக்கைக் கைலேஞ்சியால் பொத்தினார்.

"அண்ணை, உதென்ன?" என்று கேட்டேன்.

"பெடியள் செய்த வேலை, தங்கச்சி. நான் அண்டைக்கு விட்பியில ஒரு வேலையில நிண்டனான்."

"பீயைச் சுவருக்கை போட்டு மூடச் சொல்லி ஆர் சொன்னது?"

"பின்னை எங்க கொட்டுறது? குப்பை பின் எடுத்துத் தந்தனீங்களோ? ஐயர் நாள் வைச்சிட்டார், ஐயர் நாள் வைச்சிட்டார் எண்டு நீங்கள்தானே ஒற்றைக்காலில நிண்டனீங்கள்."

"அப்ப இந்தத் தண்ணி? வெளியிலயிருந்து வராது எண்டீங்களே?"

அவர் பிளாஸ்ரிக்கைத் தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. உட்பக்கம்தான் ஊறியிருந்தது. அதை அவரும் கண்டார், நானும் கண்டேன். விரலைக் கைலேஞ்சியில் துடைத்தார். பிறகு சொன்னார்:

"கூரை ஒழுகியிருக்கும்."

கூரை ஒழுகவில்லை. மகளின் மூச்சிலும் அந்த காஸ் ஹீற்றரிலும் இருந்து வந்த ஈரம் பஞ்சுக்குள் போய், குளிர்ந்த பிளாஸ்ரிக்கில் முட்டி, வெளியே போக வழியில்லாமல் உறைந்து, பனி முறிந்ததும் உருகிவிட்டது. மகள்தான் பிறகு ஒரு காகிதத்தில் சுவரைக் கீறி எனக்கு விளங்கப்படுத்தினாள். இந்த நாட்டில் குளிர்காலத்தில் ஈரம் உள்ளேயிருந்துதான் வெளியே போகப் பார்க்கும், அதனால்தான் பிளாஸ்ரிக் உள்பக்கம், என்றாள். நிலத்துக்குக் கீழே சரியாக இருந்த ஒன்றை நிலத்துக்கு மேலே தூக்கிவந்து ஒட்டியிருந்தோம். எத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து என்ன?

அண்ணை போகும்போது கணவரிடம், "மாட்டுக்கொட்டிலுக்கு உவ்வளவு காணும் எண்டு நினைச்சிட்டன்" என்றார். அதில் மன்னிப்பும் இருந்தது, இளக்காரமும் இருந்தது. அவருக்குச் சால்வை போர்த்திய கை அன்று அவரோடு கைகுலுக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்தது கோபம்கூட இல்லை. ஈயைப் பார்த்தபோது வந்த அதே உணர்வுதான். எங்கள்மேலும் அதுதான் வந்தது. சுத்தம் சுத்தம் என்று குசினித் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்தே கை தோல் உரிந்த நான், கண்ணுக்குத் தெரியாவிட்டால் சரி என்று இருந்திருக்கிறேன்.

மகள் வீட்டுக்கு வந்தாள். கன்னம் மருந்தில் உப்பியிருந்தது. சுவாசப்பையில் பூஞ்சண ஒவ்வாமை, அந்தக் கட்டடத்துக்குள் இனிக் காலே வைக்கக்கூடாது, முற்றாகத் துப்புரவாகும்வரை என்று எழுதித் தந்திருந்தார்கள். குசினி மேசையில் அவள் முன்னால் இரசத்தை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீ பார்க்டேலுக்குப் போ பிள்ளை. அந்த அறையை எடு. நானே கொண்டுபோய் விடுறன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களோ சொல்லுறது?"

"ஓம். பட்டறைக்கு போன் பண்ணிக் கேட்டனான். உன்ர மேசை இன்னும் இருக்காம்."

"நீங்கள் போன் பண்ணினீங்களோ? ஓ மை கோட், அம்மா." சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நான் எழும்பினேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். இருமல் அடங்கியபிறகு சொன்னாள்:

"நான் போகமாட்டன்."

"அந்த நரகத்துக்கையோ திரும்பப் போகப்போறாய்?"

"அது என்ர ஷொப். அந்த பீமைப் பாத்தனீங்களா? அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. சுவர்தான் பிழை. சுவரைக் கழட்டினா சரி."

"வித்துப்போட்டு வேற இடம் பாப்பம். விட்பிப் பக்கம்..."

"அம்மா." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "போகாதை எண்டுதான் இதைக் கட்டினீங்கள். நான் இப்ப போகேல்லை. இப்ப நீங்கள் போ எண்டுறீங்கள். நான் என்னதான் செய்யிறது?"

அவளைப் பிடித்து வைக்க நான் கட்டியது அவளைக் கொல்லப் பார்த்தது. இப்போது அவளைத் துரத்தப் பார்த்தால் அவள் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே நின்றாலும் அவள் மூச்சு என் காதுக்குள் இருக்கும். அவள் நிற்கப்போவது எங்கே என்பது மட்டும் இனி என் கையில் இல்லை.

கடைசியில் அவள்தான் நிபந்தனை போட்டாள். கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்றால் வைக்கமாட்டாள். துப்புரவுக் கம்பனி மேல்தட்டையும் தரையையும் பார்க்கட்டும். ஆனால் சுவர்களை நானும் அவள் தகப்பனும்தான் திறக்கவேண்டும்.

"ஏன் நாங்கள்?"

"வேற ஆரும் வந்தா பாதியில திரும்ப மூடிப்போட்டுப் போயிடுவினம். நீங்கள் ஒண்டையும் விடமாட்டீங்கள். உங்களுக்கு அருவருப்பு."

அதனால்தான் இந்தக் கோடையில், ஐம்பதைத் தாண்டிய நாங்கள் இரண்டுபேரும் வெள்ளைக் கடதாசி உடுப்புப் போட்டு, முகத்தை இறுக்கும் பெரிய மாஸ்க் மாட்டி, சனி ஞாயிறுகளில் கொட்டகைக்குள் நிற்கிறோம். மகள் வீட்டுப் பின்தளத்தில் கதிரை போட்டு இருக்கிறாள். அவள் குரல் என் சட்டைப்பையிலுள்ள போனிலிருந்து வருகிறது.

"அப்பா, பிளைவூட்டை உடைக்காதேங்கோ. ஸ்க்ரூவைக் கழட்டுங்கோ. எனக்குத் திரும்பத் தேவை."

"கழட்டத்தான் பாக்கிறன் பிள்ளை, துருப்பிடிச்சிட்டுது."

"எல்லாத்தையும் பிழையாச் செய்து முடிச்சாச்சு. இதையாவது மெதுவாச் செய்யுங்கோ."

"பார், கதிரையில இருந்துகொண்டு மேஸ்திரி வேலை" என்று அவர் மாஸ்க்குக்குள் முணுமுணுத்தார். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"கேட்டுது, அப்பா."

நான் குப்பைப் பையைப் பிடிக்கிறவள். அவர் பஞ்சைக் கிழித்துக் கிழித்துப் போடுவார். நனைந்த பஞ்சு பைக்குள் விழும்போது சப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை, பழகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தேன். பை சரிந்து, அரைவாசி என் காலில் விழுந்தது. எலிக் கூடு ஒன்று சப்பாத்தின்மேல் உட்கார்ந்தது. கத்தினேன்.

"என்ன? அம்மா, என்ன?" போனில் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. "நான் வரட்டோ?"

"வராதை! அங்கேயே இரு! ஒண்டுமில்லை. எலி."

"உயிரோடயோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கத்துறீங்கள்? பையைப் பாத்துப் பிடியுங்கோ, அம்மா."

"பாக்கேலாது பிள்ளை."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு நேராப் பிடியுங்கோ."

காலை உதறினேன். கூடு தரையில் விழுந்தது. அதைச் சவளால் அள்ளிப் பைக்குள் போட்டேன். போனில் அவள் மூச்சு கேட்டது. விசில் இருந்தது, ஆனால் முன்பைவிடக் குறைவு. அல்லது அப்படிக் கேட்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

"அம்மா? நிக்கிறீங்களா?"

"நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பையின் வாயை அகல விரித்தேன்.